ஆங்கில முன்னிடைத்தொடரின் வரலாறும் வழக்கும்

முன்னுரை

பெயருக்கும் வினைக்கும் இடையிலுள்ள உறவையும், ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் இடையிலுள்ள உறவையும் உணர்த்த மொழிகள் வெவ்வேறு வழிகளைக் கையாள்கின்றன. தமிழ் பெயரின் இறுதியில் உருபு சேர்க்கிறது. இன்றைய ஆங்கிலம் பெயருக்கு முன்னே ஒரு சிறு சொல்லை நிறுத்துகிறது. நாம் 'வீட்டில்' என்று ஒரே சொல்லாகக் கூறுவதை ஆங்கிலம் 'இன் தி ஹவுஸ்' என்று மூன்று சொற்களால் கூறுகிறது. இவ்வாறு முன்னே நிற்கும் சொல்லை ஆங்கில இலக்கணத்தார் 'பிரிபொசிஷன்' என்பர். இக்கட்டுரையில் அதனை முன்னிடைச்சொல் என்றும், அது தன்னைத் தொடரும் பெயரோடு சேர்ந்து அமைக்கும் தொடரை முன்னிடைத்தொடர் என்றும் குறிக்கிறோம்.

ஆங்கில வாக்கியங்களில் மிகுதியாகப் பயின்று வரும் அமைப்புகளுள் முன்னிடைத்தொடர் ஒன்றாகும். அது அம்மொழியின் பிறவிக்குணம் போலவே இன்று தோன்றும். ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலமும் வேற்றுமை ஈறுகளைக் கொண்ட மொழியாகவே இருந்தது. அந்த ஈறுகள் தேய்ந்தபோது அவற்றின் பணிகளை முன்னிடைச்சொற்கள் ஏற்றன. பின்னர், பதினேழாம் நூற்றாண்டு முதல், இலத்தீன் மொழியை அளவுகோலாகக் கொண்ட ஒரு விதி இவ்வழக்கின் ஒரு பகுதியைப் பிழை என்று ஒதுக்க முயன்றது. இவ்விரு நிகழ்வுகளையும் தொடர்புபடுத்தி நோக்குவதும், ஆங்கிலச் சூழலில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அவை உணர்த்துவது யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆங்கிலத்தின் வேற்றுமை ஈறுகள்

ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கிய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை என நான்கு வேற்றுமைகள் பெயர்களில் விளங்கின. கருவிப்பொருளை உணர்த்தும் ஐந்தாவது வடிவம் ஒன்று சுட்டுச்சொற்களிலும் பெயரடைகளிலும் மட்டும் எஞ்சியிருந்தது. 'கல்' எனப் பொருள்படும் 'ஸ்டான்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருமையில் அது எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் வரும்போது 'ஸ்டான்'. உடைமைப் பொருளில் 'ஸ்டானெஸ்'. கொடைப் பொருளில் 'ஸ்டானெ'. பன்மையில் இவை முறையே 'ஸ்டானஸ்', 'ஸ்டானா', 'ஸ்டானும்' என்றாகும். பெயரோடு வரும் சுட்டுச்சொல்லும் வேற்றுமைக்கேற்ப வடிவம் மாறும். ஆதலின், 'அரசன் ஆயரைக் கொன்றான்' என்னும் வாக்கியத்தில் சொற்களை இடம் மாற்றி வைத்தாலும் கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்பதில் ஐயம் எழுவதற்கு வாய்ப்புக் குறைவு. இந்நிலை தமிழறிந்தார்க்கு நன்கு பழக்கமானதே.

இக்காலத்திலும் முன்னிடைச்சொற்கள் இருந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆயினும் அவை தனித்து நின்று பொருள் தரவில்லை. ஒவ்வொரு முன்னிடைச்சொல்லும் தனக்குப் பின்வரும் பெயர் குறிப்பிட்ட வேற்றுமை ஈற்றை ஏற்க வேண்டும் என்று வேண்டி நின்றது. 'உடன்' என்னும் பொருள் தந்த 'மித்' பெரும்பாலும் கொடை வேற்றுமையை வேண்டிற்று. 'ஊடாக' என்னும் பொருள் தந்த 'துர்ஹ்' பெரும்பாலும் செயப்படுபொருள் வேற்றுமையை வேண்டிற்று. உறவை உணர்த்தும் பணியை ஈறும் முன்னிடைச்சொல்லும் பகிர்ந்துகொண்டன எனலாம். ஈறு மறைந்த பின் அப்பணி முழுவதும் முன்னிடைச்சொல்லின் மீது விழுந்தது.

ஈறுகள் தேய்ந்தமைக்கான காரணங்கள்

ஈறுகள் தேய்ந்தமைக்கு அறிஞர் பல காரணங்களைக் கூறுவர். முதலாவது ஒலிக்காரணம். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கிலத்தில் அழுத்தம் பொதுவாகச் சொல்லின் முதலசையில் விழும். இறுதியசைகள் அழுத்தமின்றி ஒலிக்கப்பட்டதால் அவற்றின் உயிரொலிகள் ஒன்றோடொன்று மயங்கி, இறுதியில் தெளிவற்ற ஒரே ஒலியாயின. 'ஆ', 'எ', 'உம்' என்னும் ஈறுகளின் வேறுபாடு செவிக்குப் புலப்படாமற் போயிற்று.

இரண்டாவது மொழித்தொடர்பு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் துறவிமடம் தாக்கப்பட்டது முதல் ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வந்து, காலப்போக்கில் நிலையாகக் குடியேறினர். அவர்களுடைய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் வேர்ச்சொற்கள் பல பொதுவாக இருந்தன, ஈறுகள் வேறுபட்டன. வேர் புரிந்து ஈறு இடர் செய்யும் இடத்தில் ஈற்றை விட்டுவிடுவது பேசுவோர்க்கு எளிதாயிற்று என்பது பலர் ஏற்கும் விளக்கம். வடக்குப் பகுதிகளில் ஈற்றிழப்பு முந்தி நிகழ்ந்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஒலிக்காரணத்துக்கும் மொழித்தொடர்புக்கும் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றதை ஈற்றிழப்பின் நேரடிக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. பேச்சில் அம்மாற்றம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. வெற்றிக்குப் பின் இலத்தீனும் பிரெஞ்சும் ஆட்சியிலும் உயர்குடியிலும் இடம்பெற, பழைய ஆங்கிலத்தின் எழுத்து மரபு காவலிழந்தது. அதுவரை எழுத்து மறைத்து வைத்திருந்த பேச்சு வடிவம் ஏட்டில் வெளிப்பட்டது. 1154 வரையிலான செய்திகளைக் கூறும் பீட்டர்பரோ குறிப்பேட்டின் பிற்பகுதிகள் இதற்கு நல்ல சான்றாகும். அவற்றில் பழைய ஈறுகள் பெருமளவு சிதைந்தும் சொல்லொழுங்கு இன்றைய நிலையை நெருங்கியும் காணப்படுகின்றன.

'ஆஃப்' பெற்ற ஏற்றம்

ஈறுகளின் பணியை ஏற்ற முன்னிடைச்சொற்களுள் முதன்மையானது 'ஆஃப்'. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'இருந்து, நீங்கி' என்பதே. உடைமைப் பொருள் அதற்கு இயல்பன்று. இன்று 'விலகி' என்னும் பொருளில் வழங்கும், ஈற்றில் இரட்டை 'எஃப்' எழுத்துடைய சொல்லும் இதுவும் தொடக்கத்தில் ஒரே சொல்லாகும். அழுத்தத்தோடு ஒலித்த வடிவம் ஒன்றாகவும் அழுத்தமின்றி ஒலித்த வடிவம் மற்றொன்றாகவும் பிரிந்தன.

'இருந்து' என்னும் பொருள் உடைமையாக விரிந்த வழி விளங்கக்கூடியதே. ஒரு பொருள் எதிலிருந்து வந்ததோ, எதனால் ஆனதோ, எதன் கூறோ, அதனோடு அப்பொருளுக்கு உரிமை உறவு ஏற்படுகிறது. 'மரத்திலிருந்து வந்த கிளை' என்பதும் 'மரத்தின் கிளை' என்பதும் தம்முள் நெருங்கியவை. இவ்விரிவுக்குப் பிரெஞ்சு மொழியின் 'த' என்னும் முன்னிடைச்சொல் துணை நின்றது. அதற்கும் 'இருந்து', 'உடைய' என்னும் இரு பொருளும் உண்டு. இரு மொழியும் அறிந்தோர் ஒன்றன் வழக்கை மற்றதில் வலுப்படுத்தியிருத்தல் இயல்பே.

இம்மாற்றத்தின் விரைவைச் சார்ல்ஸ் ஃப்ரீஸ் 1940இல் வெளியிட்ட கட்டுரையில் எண்களால் காட்டினார். உடைமைப் பொருளை உணர்த்தும் இடங்களில் 'ஆஃப்' தொடர் ஏறத்தாழ 900ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தது. 1200 அளவில் அது 6 விழுக்காடு; 1250 அளவில் 31 விழுக்காடு; 1300 அளவில் 84 விழுக்காட்டுக்கும் மேல். முந்நூறு ஆண்டுகள் மெல்ல நகர்ந்த ஒரு வழக்கு அடுத்த நூறாண்டில் மொழியின் முகத்தையே மாற்றிவிட்டது.

எனினும் பழைய உடைமை ஈறு முற்றும் அழியவில்லை. 'ஸ்டானெஸ்' என்பதன் இறுதியிலிருந்த 'எஸ்' ஒலி இன்றும் 'தி கிங்ஸ் டாட்டர்' (அரசனின் மகள்) என்பதில் வாழ்கிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இவ்வீற்றை 'அவனுடைய' எனப் பொருள்படும் 'ஹிஸ்' என்னும் சொல்லின் குறுக்கமாகக் கருதி, அச்சொல்லையே எழுதும் வழக்கமும் இருந்தது. 1605இல் அச்சான பென் ஜான்சனின் 'செஜானஸ் ஹிஸ் ஃபால்' என்னும் நாடகத்தின் தலைப்பு இதற்கு எடுத்துக்காட்டு.

எஞ்சிய இவ்வீறு மற்றொரு வகையிலும் மாறியது. பழைய முறையில் ஈறு உரிய பெயரோடு மட்டுமே ஒட்டும். ஆகவே, 'இங்கிலாந்து அரசனின் மகள்' என்பதை 'தி கிங்ஸ் டாட்டர் ஆஃப் இங்லண்ட்' என்று பிரித்தே கூறினர். பின்னர் 'தி கிங் ஆஃப் இங்லண்ட்ஸ் டாட்டர்' என்று தொடர் முழுவதன் இறுதியிலும் ஈறு சேர்க்கும் வழக்கு வேரூன்றியது. இங்கு ஈறு ஒட்டியிருப்பது 'இங்கிலாந்து' என்னும் சொல்லோடு; உரிமை பெறுபவனோ அரசன். ஒரு சொல்லின் ஈறாக இருந்தது ஒரு தொடரின் ஈறாயிற்று. 'கபிலரும் பரணரும்' போல ஒவ்வொரு சொல்லிலும் இடைச்சொல் வருதலையும், 'கபிலர், பரணர் ஆகியோருடைய' போல இறுதியில் மட்டும் உருபு வருதலையும் அறிந்த நமக்கு இம்மாற்றத்தின் தன்மை எளிதில் விளங்கும்.

இன்று இவ்விரு வடிவங்களும் போட்டியிட்டு வாழ்கின்றன. உயர்திணைப் பெயரோடு 'எஸ்' ஈறும் அஃறிணைப் பெயரோடு 'ஆஃப்' தொடரும் மிகுதியாக வருதல் பொதுநிலை. ஹின்ரிக்ஸ், ஸ்மெரெக்சானி ஆகிய இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்தித்தாள் நடையில் 'எஸ்' ஈறு மீண்டும் பெருகியமையைக் காட்டுகிறது. சுருங்கச் சொல்ல வேண்டிய தேவை செய்தியாளரை அவ்வீற்றின்பால் ஈர்த்தது எனலாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வென்றதாகத் தோன்றிய வடிவத்தின் வெற்றி இன்னும் முழுமை பெறவில்லை.

ஒரு சொல், பல பொருள்

ஏனைய முன்னிடைச்சொற்களின் வரலாறும் இத்தகையதே. இன்று 'உடன்' எனப் பொருள்படும் 'வித்' என்பதன் பழைய முதன்மைப் பொருள் 'எதிராக' என்பது. 'எதிர்த்து நில்' என்னும் பொருளுடைய 'வித்ஸ்டாண்ட்' என்னும் வினையில் அப்பொருள் இன்றும் உறைகிறது. பகைவனோடு போரிடுபவன் அவனுக்கு எதிராகவும் அவனோடும் ஒரே களத்தில் நிற்கிறான். பொருள் மாற்றத்துக்கு அதுவே வாயிலாயிற்று. 'உடன்' என்னும் பொருளில் முன்பு வழங்கிய 'மித்' வழக்கிழந்து, மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்னும் சொல்லில் மட்டும் தடம் பதித்துள்ளது. பேறுகால வேளையில் தாயுடன் இருப்பவள் என்பதே அச்சொல்லின் பொருள்.

செயப்பாட்டு வினையில் வினைமுதலைக் குறிக்க இன்று 'பை' வருகிறது. அதன் பழம்பொருள் 'அருகில்' என்பது. இடைக்கால ஆங்கிலத்தில் அப்பணியைப் பெரும்பாலும் 'ஆஃப்' செய்தது. 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலும் வினைமுதலைக் குறிக்க 'ஆஃப்' வரும் இடங்கள் பல உள. கொடைப்பொருளை உணர்த்திய ஈறு மறைந்தபோது அவ்விடத்தை 'டு' என்பது நிரப்பியது. ஆயினும் பெறுபவனை வினைக்கு அடுத்து வைத்து முன்னிடைச்சொல் இன்றிக் கூறும் பழைய முறையும் இன்றுவரை நிலைத்துள்ளது.

ஒரு முன்னிடைச்சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள் என்று மாணவர் வினவுவதுண்டு. பல ஈறுகளின் பணியைச் சில சொற்கள் ஏற்றன. ஏற்றவை தம் பழம்பொருளையும் விடவில்லை என்பதே விடை. பகைவர் அஞ்சுவதையும் பகைவரை அஞ்சுவதையும் 'ஃபியர் ஆஃப் தி எனிமி' என்னும் ஒரே தொடர் குறிக்கக்கூடும். இத்தகைய மயக்கம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலையே வகுத்துள்ளார். 'புலிகொல் யானை' என்பது புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என உரையாசிரியர்கள் தடுமாறு தொழிற்பெயரை விளக்குவர்.

புதிய முன்னிடைச்சொற்கள் பிறந்த முறையும் தமிழோடு ஒப்புநோக்கத்தக்கது. 'பக்கத்தில்' எனப் பொருள்படும் 'பிசைட்' என்பது 'பை', 'சைட்' என்னும் இரு சொற்கள் இணைந்து உருவானது. 'இடையே' எனப் பொருள்படும் 'அமங்' என்பது 'கூட்டத்தில்' என்னும் தொடரின் தேய்வு. 'போது' எனப் பொருள்படும் 'டியூரிங்' பிரெஞ்சு மொழியின் எச்ச வடிவத்தைப் பின்பற்றி வந்தது. தமிழிலும் இடம், மேல், கீழ், பக்கம் முதலிய பெயர்கள் ஏழாம் வேற்றுமைப் பொருளைத் தருகின்றன. கொண்டு, இருந்து முதலிய எச்சங்கள் சொல்லுருபுகளாக வழங்குகின்றன. இடம் வேறு; பிறப்பு முறை ஒன்று. ஆங்கிலத்தில் முன்னே சென்று நின்றவை தமிழில் பின்னே வந்து நின்றன.

வாக்கியத்தில் முன்னிடைத்தொடரின் இடம்

இன்றைய ஆங்கில வாக்கியத்தில் முன்னிடைத்தொடர் மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவது, வினைக்கு அடையாகி இடம், காலம், கருவி, முறை ஆகியவற்றை உணர்த்துகிறது. இரண்டாவது, குறிப்பிட்ட வினையோ பெயரடையோ வேண்டி நிற்கும் நிரப்பியாகிறது. 'டிபெண்ட்' என்னும் வினை 'ஆன்' என்பதையும், 'அஃப்ரைட்' என்னும் பெயரடை 'ஆஃப்' என்பதையும் வேண்டுதல் இவ்வகை. இங்கு முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது பொருளன்று, வினையின் மரபு. மூன்றாவது, பெயருக்கு அடையாக அப்பெயரின் பின்னே நேரடியாக நிற்கிறது. 'தி புக் ஆன் தி டேபிள்' என்பது வாக்கியம் அன்று. 'மேசைமேல் உள்ள புத்தகம்' என்னும் பெயர்த்தொடர்.

இம்மூன்றாம் பணியே ஆங்கிலத்தையும் தமிழையும் பெரிதும் வேறுபடுத்துவது. தமிழில் ஆறாம் வேற்றுமை தவிர, ஏனைய வேற்றுமை ஏற்ற பெயர் பொதுவாக வினையையே தழுவும். மற்றொரு பெயரைத் தழுவ வேண்டுமாயின் இடையே ஒரு பெயரெச்சம் வேண்டும். 'அம்மாவிடமிருந்து வந்த கடிதம்', 'இலக்கணம் பற்றிய நூல்', 'மேசைமேல் உள்ள புத்தகம்' என்னும் தொடர்களில் வந்த, பற்றிய, உள்ள என்பன அப்பணியைச் செய்கின்றன. ஆங்கிலம் இவ்விடங்களில் எச்சத்தை வேண்டுவதில்லை. அதனால் சுருக்கம் கிடைக்கிறது. கூடவே மயக்கமும் வருகிறது. 'தி டீச்சர் ஸ்போக் டு தி பாய் வித் எ ஸ்மைல்' என்னும் வாக்கியத்தில் புன்னகை ஆசிரியருடையதா, மாணவனுடையதா என்பதைத் தொடரமைப்பு மட்டும் கூறாது. தமிழில் 'ஆசிரியர் மாணவனிடம் புன்னகையோடு பேசினார்' என்றால் ஒரு பொருள்; 'புன்னகைத்த மாணவனிடம் ஆசிரியர் பேசினார்' என்றால் மற்றொரு பொருள். ஐயத்துக்கு இடமில்லை.

இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல்லும் இலத்தீன் அளவுகோலும்

முன்னிடைச்சொல் எப்போதும் பெயரின் முன்னேயே நிற்பதில்லை. வினாவிலும் பெயரெச்சத் தொடரிலும் உரிய பெயர் முன்னே சென்றுவிட, முன்னிடைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் தனித்து நிற்றல் ஆங்கில வழக்கு. 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்பது 'நான் வாழும் வீடு' என்பதற்கான இயல்பான ஆங்கிலம். இது பிற்காலச் சிதைவு அன்று. பழைய ஆங்கிலத்திலேயே 'தெ' என்னும் இணைப்புச்சொல்லோடு வரும் தொடர்களில் முன்னிடைச்சொல் பெயரை விட்டுப் பிரிந்தே நின்றது. இடைக்காலத்தில் இவ்வழக்கு மேலும் விரிந்தது; 'அவன் நகைக்கப்பட்டான்' என்பது போன்ற செயப்பாட்டு வாக்கியங்களிலும் முன்னிடைச்சொல் வினையோடு ஒட்டி இறுதியில் நின்றது.

இவ்வியல்பான வழக்கின் மீது வந்த கண்டனங்களுள் பெரிதும் அறியப்பட்டது ஜான் டிரைடனுடையது. 1672இல் வெளியிட்ட ஓர் உரைநடைப் பகுதியில், பென் ஜான்சனின் 'கேட்டலைன்' நாடகத்தில் முன்னிடைச்சொல் இறுதியில் நிற்றலைக் குறையாகச் சுட்டினார். தம் எழுத்திலும் அக்குறை உண்டு என்றார். 1668இல் வெளிவந்த தம் நாடகக்கலை பற்றிய நூலை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய இடங்களைத் தேடித் திருத்தினார். அவர் கையாண்ட அளவுகோல் யாது என்பதற்கும் அவரே சான்று தருகிறார். தம் ஆங்கிலம் சரியானதா என்று ஐயுற்றபோது அதனை இலத்தீனில் பெயர்த்துப் பார்த்ததாக 1679இல் அவர் எழுதினார். இலத்தீனில் முன்னிடைச்சொல் பெயரை விட்டுப் பிரிந்து வாக்கிய இறுதியில் நில்லாது. அச்சொல்லின் பெயரே 'முன்னே வைக்கப்படுவது' எனப் பொருள்படும். ஆகவே ஆங்கிலத்திலும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்னும் முடிவு பிறந்தது. இலத்தீனிலும் 'என்னுடன்' என்பதைக் குறிக்கும் 'மேகும்' என்னும் சொல்லில் உறவுச்சொல் பின்னே நிற்கிறது என்பதை இவ்வாதம் பொருட்படுத்தவில்லை.

1762இல் இராபர்ட் லவுத் வெளியிட்ட ஆங்கில இலக்கணச் சுருக்கம் இவ்விதியின் தோற்றுவாய் எனப் பலர் கூறுவதுண்டு. இது முழுவதும் பொருந்தாது. டிரைடன் அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியவர். மேலும் லவுத் இவ்வழக்கைத் தடை செய்யவில்லை. அது ஆங்கிலத்துக்கு இயல்பானது என்றும், உரையாடலுக்கும் எளிய நடைக்கும் ஏற்றது என்றும், உயர்ந்த நடைக்கு முன்னிடைச்சொல் முன்னே நிற்றலே பொலிவும் தெளிவும் தரும் என்றும் அவர் கூறினார். அவ்வாறு கூறும் வாக்கியத்திலேயே ஒரு முன்னிடைச்சொல்லை இறுதியில் நிறுத்தியும் காட்டினார். அது நடை பற்றிய கருத்தே. 1795இல் லிண்ட்லி மரே தம் இலக்கண நூலில் லவுத்தின் கூற்றை எடுத்தாண்டபோது, அவ்வாக்கியத்தில் இறுதியில் நின்ற முன்னிடைச்சொல்லை முன்னே நகர்த்திவிட்டார். மரேயின் நூல் பல பதிப்புகள் கண்டு, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிதோறும் பரவியது. நடை பற்றிய ஓர் அறிஞரின் கருத்து வகுப்பறையில் விதியாக இறுகியது இவ்வாறே.

விதியாக இறுகியபின் அது கல்வி பெற்றாரையும் பெறாதாரையும் பிரிக்கும் கோடாயிற்று. தாய்மொழியைப் பிழையறப் பேசுபவன், அவ்வியல்பான பேச்சின் பொருட்டே பிழை செய்தவன் எனக் கருதப்பட்டான். 1926இல் எச். டபிள்யூ. ஃபவுளர் தம் மொழிவழக்கு அகராதியில் இவ்விதியைப் பலர் போற்றி வளர்த்த மூடநம்பிக்கை என்னும் கருத்துப்பட மறுத்தார். 2015இல் நூரியா யானெஸ்-போசா வெளியிட்ட நூல், 1500 முதல் 1900 வரையிலான இலக்கண நூல்களையும் வழக்கையும் ஒருங்கே வைத்து இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது. இன்றைய இலக்கண அறிஞர்கள் எவரும் இதனை விதியாக ஏற்பதில்லை. ஆயினும் பள்ளியில் கற்ற அச்சம் பலரை விட்டு இன்னும் நீங்கவில்லை.

தமிழாசிரியர்க்கு இதனால் பெறப்படுவது

ஆங்கில மொழியின் இவ்வரலாறு நமக்கு எவ்வகையில் தொடர்புடையது என்னும் வினா எழலாம். சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதன்மைப் பயிற்றுமொழியாக உள்ளது. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கற்கின்றனர். 'டி', 'கெ', 'டாரி' என்பவற்றை முன்னே நிறுத்தும் மலாயும் முன்னிடைச்சொல் மொழியே. எனவே, முன்னே நிற்கும் சொற்களால் உறவை உணரப் பழகிய மாணவன், பின்னே ஒட்டும் உருபுகளால் எழுத வேண்டியவனாகிறான்.

'அது சூழ்நிலையின் மேல் சார்ந்துள்ளது' என்று ஒரு மாணவன் எழுதும்போது, 'ஆன்' என்பதற்கு 'மேல்' என்னும் நேர்ச்சொல்லைத் தேடி வைக்கிறான். ஆங்கில வினையின் மரபு வேறு. 'சார்' என்னும் தமிழ் வினை வேண்டுவது இரண்டாம் வேற்றுமை. 'சூழ்நிலையைச் சார்ந்துள்ளது' என்பதே வழக்கு. 'அவனுடன் கோபமாக இருக்கிறேன்' என்பதும் இத்தகையதே. தமிழில் கோபம் ஒருவர்மேல் வரும். சொல்லுக்குச் சொல் இணை கற்பிக்கும் பட்டியல்கள் இங்குத் துணை செய்யமாட்டா. ஒவ்வொரு வினையும் வேண்டும் உருபை அவ்வினையோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். 'சார்' என்று மட்டும் கற்பிப்பதினும் 'ஒன்றைச் சார்' என்று கற்பித்தல் நன்று.

மற்றொரு வகை வழக்கும் உண்டு. 'பொதுமக்கள் மீதான தாக்குதல்', 'முதியோருக்கான திட்டம்', 'இரு நாடுகளுக்கு இடையிலான உடன்பாடு' என்னும் தொடர்கள் செய்தித் தமிழிலும் அலுவலகத் தமிழிலும் பெருகியுள்ளன. பெயருக்கு அடையாகும் ஆங்கில முன்னிடைத்தொடரைத் தமிழில் தர வேண்டிய தேவை இப்பெருக்கத்துக்கு ஒரு காரணம் எனக் கருதலாம். இவற்றை ஆங்கிலத் தாக்கம் எனக் கடிந்து விலக்குவோர் உளர். ஆயின், இத்தொடர்களில் 'ஆன' என்னும் பெயரெச்சமே இரு பெயர்களையும் இணைக்கிறது. வேற்றுமை ஏற்ற பெயர் மற்றொரு பெயரைத் தழுவ எச்சம் வேண்டும் என்னும் தமிழ் நெறி இங்கு மீறப்படவில்லை. அந்நெறியைப் பின்பற்றியே புதிய தேவை நிறைவேற்றப்படுகிறது.

இவ்விரு வகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் ஆகாது. முன்னது தமிழ் வினையின் வேண்டுகையை மீறுகிறது, ஆகவே பிழை. பின்னது தமிழின் ஆக்கமுறைக்குள் நின்று விரிகிறது, ஆகவே வளர்ச்சி. பிறமொழி தூண்டியது என்பதனாலேயே ஒரு வழக்கைப் பிழை எனக் கூறுவோமாயின், பிரெஞ்சு மொழியின் துணையோடு வளர்ந்த 'ஆஃப்' தொடரையும் ஆங்கிலத்தில் பிழை எனக் கூற வேண்டிவரும். பிறமொழியில் உண்டு என்பதனாலேயே ஒன்றைச் சரி எனக் கொள்வோமாயின், இலத்தீனை வைத்து ஆங்கிலத்தை அளந்த டிரைடனின் வழியே நாமும் செல்வோம். இரண்டிடத்தும் தவறு ஒன்றே: மொழியை அதன் சொந்த இயக்கத்தால் அளக்காமை.

முடிவுரை

ஆங்கில முன்னிடைத்தொடர், தேய்ந்த ஈறுகள் விட்டுச்சென்ற இடத்தில் வளர்ந்தது. பிறமொழித் தொடர்பு அவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது. பிறமொழி இலக்கணம் அதன் ஒரு கூறினைத் தடுக்க முயன்று தோற்றது. வழக்கிலிருந்து இலக்கணம் பெறப்படும் என்னும் கொள்கை தமிழ் மரபுக்கு உரியது. ஆங்கில இலக்கணத்தாரும் நெடிய வழி சென்று அதனையே வந்தடைந்துள்ளனர். மாணவன் எழுதிய தொடரின் கீழ் சிவப்பு மையால் கோடிடும் முன், அத்தொடர் எந்தத் தமிழ் விதியை மீறுகிறது என்னும் வினாவை நாம் நமக்கே விடுத்துக்கொள்ளல் வேண்டும். விடை கிடைப்பின் அதனை மாணவனுக்கு விளக்குதல் நம் கடன். விடை கிடையாதவிடத்து அக்கோட்டை இடாமல் விடுதலே முறையாகும்.